ரெஸ்யூமேயில் எச்பிஎல்சி

கேள்வி: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ‘எச்பிஎல்சி தெரியும்’ (கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வுக் கருவி) என்று எழுதி மருந்து நிறுவனங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பே இல்லை. என்ன குறை?
– வாசகி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: அந்த வரிதான் குறை. அது எல்லாருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. எந்த மருந்தைப் பிரித்தீர்கள், பிரிக்கும் குழாய் (காலம்) சி18 வகையா, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஓட்டம், எந்த அலைநீளம் என்று ப்ராஜெக்ட் நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.

எழுதியதைத்தான் நேர்காணலில் துருவுவார்கள். வரைபடத்தில் மருந்தைக் காட்டும் முகடு (பீக்) ஏன் வால் நீட்டுகிறது? குழாயில் நிரப்பிய சிலிக்காவிலுள்ள சிலனால் தொகுதிகள் காரத்தன்மை கொண்ட மருந்தைப் பிடித்துவைப்பது முக்கியக் காரணம். குழாய் வழியே ஓடும் கரைப்பானின் (மொபைல் ஃபேஸ்) பிஎச்சை 3 அளவுக்கு இறக்கினால் வால் பெரும்பாலும் குறையும். காரணமும் தீர்வும் சேர்த்துச் சொல்லுங்கள். கருவியைத் தொட்டவர் என்பது அதில்தான் தெரியும். தொடாததை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

ஒரே பக்கம், பிடிஎஃப் போதும். ப்ராஜெக்ட் வழிகாட்டியின் ஃபோன் எண்ணைத் தருமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.