ஊரை எரித்தது சரியா? பழிவாங்கல் பற்றிக் கேட்டவர்களுக்கு ஆச்சியின் பதில்கள்

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருக்கிறேன். பழிக்குப் பழி வாங்குவது எப்போதாவது நியாயமாகுமா, நம் இலக்கியம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று நம் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சொந்தக் கதையை எழுதியவர்களுக்கு ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, காரைக்குடி: ஆச்சி, கண்ணகி மதுரையை எரித்ததை வீரம் என்றுதான் படித்தோம். அரசன் செய்த தப்புக்கு ஊர் என்ன செய்யும்? இது நியாயமா?

என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை அம்மா. கண்ணகி மேல் எனக்கு இருக்கும் பக்திக்கு அளவே கிடையாது, ஆனாலும் முடியவில்லை.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையையும் அதற்கு அடுத்த வஞ்சின மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். அரசவையில் அவள் நிலைநாட்ட வந்தது ஒன்றுதான்: என் கணவன் கள்வன் இல்லை. கையில் சாட்சியோடு வந்திருக்கிறாள். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். உடைக்கிறாள், மாணிக்கம் தெறித்து அரசன் முகத்துக்கே போகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி அவன் அங்கேயே உயிரை விடுகிறான். கோப்பெருந்தேவியும் விழுந்துவிடுகிறாள். கேட்ட நீதி முழுசாகக் கிடைத்துவிட்டது. தீர்ப்பைச் சொன்னவன் தண்டனையையும் தானே ஏற்றுக்கொண்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் ‘ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்’ என்கிறாள். இளங்கோ அந்த நெருப்பை எப்படிக் காட்டுகிறார் என்று கவனி. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தை இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று அக்கினிக்கு அவளே கட்டளை போடுகிறாள். சரி, கறவையும் கன்றும் தீ அண்டாத ஆயர் தெருவுக்கு ஓடுகின்றன, யானையும் குதிரையும் மதிலுக்கு வெளியே போகின்றன. ஆனால் கூல மறுகு கலங்குகிறது. கூல மறுகு என்றால் தானியக் கடைத்தெரு. அங்கே நெல்லும் பயறும் அளந்துகொண்டிருந்தவன் கோவலனுக்கு என்ன கெடுதல் செய்தான்? ஆளைப் பார்த்து எரி என்று நெருப்பிடம் சொல்லலாம். அது கேட்டு நடக்கும் என்று நான் நம்பவில்லை. இளங்கோவும் முழுசாக நம்பவில்லை என்றுதான் அந்தக் காதையைப் படிக்கும்போது எனக்குப் படுகிறது.

புதுவயல்: ஊர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களே ஆச்சி. ஒருத்தனாவது விசாரித்தானா? பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனுக்கும் பங்கு உண்டுதானே?

உண்டு தம்பி. ‘சான்றோரும் உண்டுகொல்’ என்று அவள் மதுரைத் தெருவில் நின்று கேட்கிறாளே, அந்தக் கேள்விக்கு ஊரில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்குத் தலை குனிகிறது. ஊர் மேல் அவளுக்கு இருந்த கோபம் நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் நெருப்போடு கதை முடியவில்லையே. கொற்கையிலிருந்து வந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகியின் கோபம் தணிய என்ன செய்தான் தெரியுமா? பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் பலி கொடுத்தான். நூலின் முகப்பில் உரைபெறு கட்டுரையிலும் இருக்கிறது, நீர்ப்படைக் காதையில் ‘ஈரைஞ்ஞூற்றுவர்’ என்று கணக்கோடும் இருக்கிறது. பொய் சொன்னவன் ஒரே ஒரு பொற்கொல்லன். அவன் செய்த தொழிலைச் செய்தார்கள் என்பதற்காக ஆயிரம் குடும்பம் தாலி இழந்தது. அவர்கள் வீட்டிலும் கோவலன் போல ஒருவன், கண்ணகி போல ஒருத்தி இருந்திருப்பார்கள். மேடைகளில் இந்த இடத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

கடைசியில் வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகியே சேரன் செங்குட்டுவனிடம் ‘தென்னவன் தீதிலன்’, பாண்டியன் மேல் குற்றமில்லை என்கிறாள், ‘நான் அவன்தன் மகள்’ என்கிறாள். தன் கணவனைக் கொன்றவனை அப்பா என்று சொல்கிறாள்! இந்தக் கண்ணகியையும் சேர்த்துத்தான் நாம் கும்பிட வேண்டும்.

வழக்கறிஞர், தேவகோட்டை: எங்கள் தொழிலே பழியை வழக்காக மாற்றுவதுதான். இதற்கு இலக்கியத்தில் முன்மாதிரி இருக்கிறதா?

கி.மு. 458இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய மூன்று நாடகங்கள் முழுக்க இதுதான். அப்பா மகளைப் பலி கொடுக்கிறார், அதற்காக அம்மா அப்பாவைக் கொல்கிறாள், அதற்காக மகன் ஒரெஸ்டஸ் அம்மாவைக் கொல்கிறான். பழிவாங்கும் தேவதைகள் அவனை விரட்டுகின்றன. கடைசியில் ஏதீனா தேவி நடுவர் மன்றம் ஒன்றைக் கூட்டுகிறாள். ஓட்டுகள் சமமாக விழ, அவன் விடுதலையாகிறான். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் இடம். பழி கேட்டு வந்த தேவதைகளை ஏதீனா அடித்துத் துரத்தவில்லை. உட்கார வைத்துப் பேசி, ஊரிலேயே கோயிலும் மரியாதையும் கொடுக்கிறாள். பாதிக்கப்பட்டவனின் கோபத்துக்கு உங்கள் நீதிமன்றத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும் தம்பி. வாய்தா மேல் வாய்தா போட்டுக்கொண்டிருந்தால் அவன் அரிவாளைத்தான் தேடுவான்.

நம் பக்கத்தில் மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றை இழந்த பசு இளவரசனை முட்டவில்லை. ஆராய்ச்சி மணியைப் போய் அடித்தது.

பள்ளத்தூர்: பாஞ்சாலி சபதம் தப்பா ஆச்சி? சபையில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவள் வேறு என்ன செய்வாள்?

தப்பே இல்லை. துச்சாதனன் செந்நீரும் துரியோதனன் இரத்தமும் கலந்து பூசித்தான் குழல் முடிப்பேன் என்று அவள் சொல்லும்போது, நானும் அவள் பக்கம்தான் நிற்கிறேன். பாரதி சபதத்தோடு நிறுத்திவிட்டார். 1912இல் முதல் பாகம் வந்தபோது அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது.

வியாசர் நிறுத்தவில்லை. போர் முடிந்த ராத்திரி, அப்பா துரோணரைக் கொன்றதற்குப் பழியாக அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். வியாச பாரதத்தில் அவள் முதலில் அவன் உயிரையே கேட்கிறாள். பாகவதத்தில், கட்டி இழுத்து வரப்பட்ட அவனைப் பார்த்து, ‘விட்டுவிடுங்கள், நான் அழுவதுபோல இவன் அம்மாவும் அழ வேண்டாம்’ என்கிறாள். இரண்டையும் படி. இரண்டுமே ஒரு தாயின் பேச்சுதான்.

பள்ளி ஆசிரியை, கண்டனூர்: பிள்ளைகளிடம் இதைப் பேச ஒரே ஒரு பாட்டுச் சொல்லுங்கள்.

புறநானூறு 46, டீச்சர். கோவூர் கிழார் பாடியது. சோழன் கிள்ளிவளவனுக்கு மலையமான் மேல் பகை. மலையமான் கைக்கு எட்டவில்லையோ என்னவோ, அவன் குழந்தைகளைப் பிடித்து வந்து யானைக் காலில் போடச் சொல்லிவிட்டான். மன்றத்தில் கூட்டம் நிற்கிறது, யானை தயார்.

அங்கே போன புலவர் தர்மோபதேசம் எதுவும் செய்யவில்லை. முதலில் ‘நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் பரம்பரை’ என்று சிபியை நினைவுபடுத்துகிறார். அப்புறம் ‘இவர்கள் பசியோடு வரும் புலவர்களுக்குத் தம் சோற்றைப் பகுத்துக் கொடுப்பவர்களின் பிள்ளைகள்’ என்கிறார். அதற்கு அப்புறம் அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார் பாருங்கள்: அழுதுகொண்டிருந்த சின்னஞ்சிறுசுகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டன. யானை வேடிக்கை! தங்களைக் கொல்லப்போவது அதுதான் என்று அவற்றுக்குத் தெரியாது. பிறகு சுற்றி நிற்கும் முகங்களைப் பார்க்கின்றன. ஒன்றுகூடத் தெரிந்த முகம் இல்லை. இதுவரை அறியாத ஒரு பயம் அவற்றுக்கு வருகிறது. அவ்வளவுதான். ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’, கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உன் இஷ்டம் என்று முடித்துவிடுகிறார்.

பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் கீழே இருக்கும் குறிப்பு சொல்கிறது. அழாத அந்தக் குழந்தையை உங்கள் வகுப்பில் நன்றாக விவரியுங்கள். அப்பா மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்டுவது என்றால் என்ன என்று அவர்களுக்கே புரியும்.

பெயர் வேண்டாம் என்றவர், கோட்டையூர்: எங்கள் அப்பச்சி காலத்தில் பங்காளிகள் பாகத்தில் ஏமாற்றிவிட்டார்கள். இப்போது பெரிய வீட்டை விற்க என் கையெழுத்து வேண்டும் என்று வருகிறார்கள். நான் போட மறுக்கிறேன். வீடு பூட்டிக்கிடந்து ஒழுகுகிறது. இது பழிவாங்கலா, என் உரிமையா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் கிளைஸ்ட் என்ற ஜெர்மானியர் 1810இல் எழுதிய மிஹாயேல் கோல்ஹாஸ் கதைதான் நினைவுக்கு வந்தது. கோல்ஹாஸ் நேர்மையான குதிரை வியாபாரி. ஒரு பண்ணைக்காரன் அவனுடைய இரண்டு குதிரைகளை ஈடாகப் பிடித்து வைத்து, வயல் வேலை வாங்கி எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறான். கோர்ட்டில் செல்வாக்கு விளையாடி வழக்குத் தள்ளுபடியாகிறது. மனு கொடுக்கப் போன மனைவி அடிபட்டுச் சாகிறாள். அப்புறம் அவன் படை திரட்டி, ஒரு நகரத்துக்கே தீ வைக்கிறான். முடிவில் கொழுகொழுவென்று தேற்றிய குதிரைகள் திரும்பக் கிடைக்கின்றன. அதே நாளில் அவன் தலையும் போகிறது. அவன் கேட்டது கடைசி வரைக்கும் நியாயம்தான், அதுதான் படிக்கிறவர்களை வதைக்கிறது.

நீங்கள் ஒரு தாளை எடுத்து, என்ன கிடைத்தால் கையெழுத்துப் போடுவீர்கள் என்று எழுதுங்கள். இத்தனை பங்கு, அப்பச்சிக்கு நடந்ததை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வது, எதுவானாலும் சரி. எழுத முடிந்தால் அது உங்கள் உரிமை. விடாதீர்கள், ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் போடமாட்டேன் என்றுதான் மனசு சொல்கிறது என்றால், உங்கள் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஏனென்றால் அந்த வீட்டில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, பங்காளி வீட்டுச் சிறுசுகளுக்கும் இருக்கிறது. அவர்கள் யாரும் உங்கள் அப்பச்சியை ஏமாற்றவில்லை.

செக்காலை, காரைக்குடி: கம்பன் விழாவில் வாலி வதம் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம். அப்பாவைக் கொன்றவனுக்கே அங்கதன் தூது போகிறானே, ரோஷம் இல்லையா?

இதை இராவணனே கேட்கிறான்! உன் அப்பா என் நண்பன், அவனைக் கொன்றவன் பின்னாலேயா போகிறாய், என்னோடு வா, குரங்கினத்துக்கு உன்னை அரசனாக்குகிறேன் என்கிறான். அங்கதன் சிரிக்கிறான். நாய் கொடுத்துச் சிங்கம் அரசு வாங்குமா என்கிறான்.

அங்கதன் மனதில் வலி இல்லை என்று நான் நினைக்கவில்லை. வாலி சாகும்போது இராமனைத் துருவித் துருவிக் கேட்கும் கேள்விகளைக் கம்பன் ஒன்றுகூட மறைக்கவில்லை. ஆனால் அதே வாலிதான் மகனை இராமன் கையில் ஒப்படைக்கிறான். இராமனும் தன் பொன் உடைவாளை அந்தப் பிள்ளையிடம் நீட்டுகிறான். அப்பாவின் கடைசி வார்த்தையை மகன் காப்பாற்றுகிறான். இராவணனுக்கோ அங்கதன் துக்கம் முக்கியமே இல்லை, தன் போருக்கு ஆள் வேண்டும். நம் ஊரிலும் ஒரு சாவு விழுந்தால் ‘சும்மாவா விடப்போறே’ என்று தூண்டிவிட வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று பாருங்கள்.

நாட்டரசன்கோட்டை: பொறுத்துப் போகிறவனைக் கோழை என்கிறார்களே?

மெய்ப்பொருள் நாயனாரைப் படியுங்கள். சிவனடியார் வேஷத்தில் வந்து குத்தியவனை வெட்ட, மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். ‘தத்தா, நமர்’, இவர் நம்மவர் என்று தடுத்து, ஊரார் கை அவன் மேல் படாமல் எல்லை வரை கொண்டுபோய் விட்டு வா என்கிறார் நாயனார். தத்தன் விட்டுவிட்டு வந்து சொல்லும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கோழையால் முடிகிற காரியமா இது?

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நாயனார் மன்னித்தது தன் உடம்பில் பட்ட குத்தை. அடிபட்டு வரும் பெண்ணிடம் ‘பொறுத்துப் போ’ என்று சொல்ல இந்தக் கதையை எடுக்காதீர்கள், அவள் காயத்தை மன்னிக்க உங்களுக்கு உரிமை இல்லை. பொறையுடைமை பாடிய அதே வள்ளுவர்தான், கொலையிற் கொடியாரை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்று 550ஆம் குறளில் சொல்கிறார். போலீஸுக்குப் போவது பழிவாங்கல் ஆகாது.

காளையார்கோவில்: வெளிநாட்டு நாவலில் ஒன்று சொல்லுங்கள் ஆச்சி.

அலெக்சாந்தர் டூமாவின் மான்டி கிறிஸ்டோ. செய்யாத குற்றத்துக்குப் பதினாலு வருஷம் சிறையில் கிடந்தவன், தப்பி வந்து மூன்று எதிரிகளையும் நிதானமாக வளைக்கிறான். முக்கால்வாசி நாவல் வரைக்கும் நாமும் அவனோடு சேர்ந்து ரசிக்கிறோம். அப்புறம் அவன் போட்ட திட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பையன் செத்துப்போகிறான். அந்தப் பிணத்தைப் பார்த்த பிறகு அவனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, மூன்றாவது எதிரியை உயிரோடு விட்டுவிடுகிறான்.

அதே கல்லூரி மாணவி: சிலப்பதிகாரத்தை முழுசாகப் படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்க?

ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை நூலகத்தில் கிடைக்கும், அதை எடுத்துக்கொள். பதவுரை கடினமாக இருந்தால் புலியூர்க் கேசிகன். முதலிலிருந்து போகாதே, மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதையில் தொடங்கிக் கட்டுரை காதை வரை ஒரே மூச்சில் வாய்விட்டுப் படி. கட்டுரை காதையில் மதுராபுரித் தெய்வம் கண்ணகியிடம் வந்து, போன பிறவியில் கோவலன் ஒரு வியாபாரியை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்த கதையைச் சொல்லும். அந்த வியாபாரியின் மனைவி பெயர் நீலி. அவளும் இதே மாதிரி தெருத்தெருவாக நியாயம் கேட்டு அலைந்தவள்தான். அந்த இடத்தைப் படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுது.