எஃப்.டி-யை உடைத்துத் தீவுகளுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 34. சென்னையில் ஐ.டி வேலையில் இருந்தவர், மாதம் 1.4 லட்சம் சம்பளம். 2025 செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டார். நான் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்பவள். வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களைத் திருச்சியில் அம்மா வீட்டில் போட்டுவிட்டு, அக்டோபரில் கிளம்பினோம். வியட்நாம், லாவோஸ் முடித்து இப்போது தாய்லாந்தில் சியாங் மாயில் இருக்கிறோம். பயணத்துக்கென்று 9 லட்சம் வைத்திருந்தோம். திரும்பி வந்த வீட்டு அட்வான்ஸ் ஒரு லட்சமும் அதில் அடக்கம். இன்னும் 1,95,000 ரூபாய் மீதி இருக்கிறது. ஊருக்கு வந்து வேலை கிடைக்கும்வரை சாப்பிட 3.5 லட்சம் எஃப்.டி-யில் இருக்கிறது. கடைசியாக ஃபூக்கெட், பீ பீ, ரெய்லே, கோ லாந்தா, கோ லிப்பே, லங்காவி என்று 24 நாள் தீவு தீவாகப் போய்விட்டுக் கோலாலம்பூர் வழியாகத் திருச்சி வர ஆசை. கணக்குப் போட்டால் 2.95 லட்சம் ஆகிறது. எஃப்.டி-யில் ஒரு லட்சத்தை உடைக்கலாமா, கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ போடலாமா, கணவரின் பி.எஃப்-ஐ எடுக்கலாமா? அவரோ, "பேசாமல் இப்போதே ஊருக்குப் போய்விடலாம்" என்கிறார்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இப்போதே ஊருக்கு வர வேண்டாம். எஃப்.டி-யையும் தொட வேண்டாம். கையில் இருக்கும் 1,95,000 ரூபாய்க்குள் அந்தக் கடலைப் பார்த்துவிட்டே வரலாம். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ஆறு இடங்களுக்கும் அது போதாது.

முதலில் எஃப்.டி. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை சதவீதமோ ஒரு சதவீதமோதான் குறைப்பார்கள். அதைப் பார்க்கும்போது நஷ்டம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பணம் எதற்கு இருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்ததும் வீடு பிடிக்க வேண்டும். பழைய அட்வான்ஸைப் பயணத்தில் போட்டுவிட்டதால் புது அட்வான்ஸ் ஒரு லட்சம் எஃப்.டி-யிலிருந்துதான் வரும். திருச்சியிலிருந்து சாமான் ஏற்றி இறக்க 15,000. மெடிக்கல் பாலிசிக்கு 20,000 (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). ஆக 3.5 லட்சம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 2,15,000. மாதச் செலவு 45,000 என்றால் ஐந்து மாதத்துக்குக்கூட வராது. இதில் ஒரு லட்சத்தை உடைத்தால் மிஞ்சுவது இரண்டரை மாதம்.

இரண்டரை மாதம் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுபவர், இரண்டாவது மாதமே கிடைத்த வேலைக்குச் சரி என்று சொல்லிவிடுகிறார். என்னிடம் வந்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தில் மாதம் இருபதாயிரம் குறைத்து ஒப்புக்கொண்டு, அதை ஈடுகட்ட மூன்று வருடம் ஓடியவர்கள் உண்டு. அதனால்தான் அந்த எஃப்.டி-யைப் பயணப் பணத்தோடு சேர்த்து எண்ணாதீர்கள் என்கிறேன்.

இ.எம்.ஐ வேண்டவே வேண்டாம். இருவரில் யாருக்கும் மாதச் சம்பளம் வராத நேரம் இது. பிராசஸிங் கட்டணம், வட்டி, வட்டிமேல் ஜி.எஸ்.டி எல்லாம் உண்டு. இரண்டு தவணை தவறினால் கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தைத் தாண்டும், அதாவது வருடத்துக்கு 40-க்கு மேல். பி.எஃப் விஷயத்தில், உங்கள் கணவருக்கு ஐந்து வருடத் தொடர் சேவை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாமல் எடுத்தால் வரி வரும். புது வேலையில் சேர்ந்து அதே யு.ஏ.என்-னுக்கு (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் எண்) மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் சேவைக் கணக்கில் சேரும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். 2.95 லட்சத்தில் அதிகம் விழுங்குவது அறை வாடகையோ சாப்பாடோ அல்ல, இடம் மாறுவதுதான். தீவு மாறும் நாளில் படகு டிக்கெட் மட்டும் செலவில்லை. துறைமுகத்துக்கு வேன், காத்திருக்கும் நேரத்தில் அங்கே விற்கும் விலைக்குச் சாப்பாடு, பதினொரு மணிக்குக் காலி செய்த அறை, மதியம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும் அடுத்த அறை, இறங்கிய கரையிலிருந்து மறுபடி ஒரு டாக்ஸி. இதெல்லாம் இரண்டு பேருக்கு. ஆறு இடம் என்றால் பாதி நாள் பையோடுதான் போகும். ஐந்து மாதமாகப் பை தூக்கிக் களைத்தவர்களுக்குக் கடைசி நாட்களில் ஒரே கரையில் உட்காருவதுதான் சுகம்.

ஆகவே ஃபூக்கெட், பீ பீ, ரெய்லே மூன்றையும் விடுங்கள். கோ லாந்தாவில் 8 இரவு, கோ லிப்பேயில் 5, லங்காவியில் 4. (தாய் மொழியில் 'கோ' என்றாலே தீவுதான்.) மூன்றும் வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசையில் இருப்பதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. லிப்பேயிலிருந்து படகில் நேராக மலேசியாவுக்குள் இறங்கலாம். இந்தத் தீவுகள் இருக்கும் அந்தமான் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்ததும் லிப்பே–லங்காவிப் படகு நின்றுவிடும். நீங்கள் இருப்பது சரியான மாதத்தில், பக்கத்திலேயே. இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறுபடி விமான டிக்கெட்டுக்கே பெரிய தொகை வேண்டும். போதாததற்குச் சியாங் மாயில் பிப்ரவரிக்குப் பிறகு வயல் எரிக்கும் புகை வேறு சூழும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். முதலில் ஊர் திரும்பும் செலவு: கோலாலம்பூர்–திருச்சி இரண்டு டிக்கெட் பையோடு 24,000, லங்காவி–கோலாலம்பூர் விமானம் 8,000. பயண இன்ஷூரன்ஸை நீட்டிக்க 4,000. அவசரத்துக்கென்று தொட்டுவிடாமல் வைக்க 20,000. இந்த 56,000-ஐ இன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மீதி 1,39,000. சியாங் மாய்–கிராபி விமானம் 14,000, கிராபியிலிருந்து லாந்தாவுக்கு வேன் 2,400, லாந்தா–லிப்பே ஸ்பீட் போட் 11,400, லிப்பே–லங்காவி 9,000 என்று ஏறத்தாழ 37,000 போகும். ஆக 1,02,000 ரூபாய், 17 இரவு, நாளுக்கு 6,000. தாய்லாந்துப் பணமான ஒரு பாட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்தே போட்டிருக்கிறேன். சந்தை விலை அதைவிடக் குறைவாக இருந்தால் மிஞ்சுவது உங்களுக்கு.

லாந்தாவுக்கு அதிக இரவு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. கிராபியிலிருந்து வேனே தீவுக்குள் போய்விடும், வழியில் ஒரு ஃபெர்ரி ஏறி இறங்கினால் போதும். நீளமான தீவு, கடற்கரைகள் நிறைய, அதனால் அறைக்குப் பேரம் பேச இடமுண்டு. எட்டு இரவு என்று சொல்லி விலை கேளுங்கள். பீ பீயை விட்ட வருத்தத்துக்கு ஒரு நாள் கோ முக் தீவின் மரகதக் குகைக்குப் படகில் போய் வாருங்கள். இருட்டில் நீந்திப் போனால் உள்ளே வானம் திறந்த ஒரு சிறு கரை இருக்கும். பீ பீயின் மாயா விரிகுடா என்றால் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே ஆளுக்கு 400 பாட், கூட்டமும் தள்ளும்.

லிப்பே சிறிய தீவு, எல்லாம் படகில் வருவதால் விலை கூடும். அங்கே நாளுக்கு 7,500 ஆனால் பதறாதீர்கள். லாந்தாவில் 5,000-க்குள் வாழ்ந்திருப்பீர்கள். லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. மதுவும் சாக்லேட்டும் மலிவு என்று பை நிறைய வாங்கினால், விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டுவீர்கள். ஆனால் ஐந்து மாதம் கழித்து நம் ஆட்கள் கடையில் தோசையும் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் டீ) மலேசிய ரிங்கிட் கணக்கில் கொஞ்சத்தில் முடியும். அதை ஆசை தீரச் சாப்பிடுங்கள்.

தாய்லாந்து ஏ.டி.எம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்டுக்கு எடுக்கும்போதெல்லாம் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கும். அதனால் கிராபியிலேயே மொத்தமாக எடுத்துக்கொண்டு போங்கள். "ரூபாயில் கழிக்கட்டுமா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்கு எப்போதும் பாதகம்தான்.

ஸ்கூட்டர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தியாவில் ஆர்.டி.ஓ கொடுத்த, பைக்குக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இல்லாவிட்டால் வாடகை ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். பயண இன்ஷூரன்ஸ் கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு அது ஒன்றே போதும். லிப்பேயில் கால் உடைந்தால் முதலில் படகேற்றித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவு உங்கள் எஃப்.டி-யையே தின்றுவிடும். பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். ஸ்கூபா செய்வதாக இருந்தால் எத்தனை மீட்டர் வரை கவர் என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் வேலையை விட்டதோடு கம்பெனி மெடிக்கல் கவர் போய்விட்டது. திருச்சியில் இறங்கிய அன்று பயண இன்ஷூரன்ஸும் முடியும். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு கவரும் கிடையாது. புதிய பாலிசியில் விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஆகவே சியாங் மாயில் இருந்துகொண்டே ஆன்லைனில் ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டருக்கு (இருவருக்கும் சேர்த்து ஒரே மெடிக்கல் பாலிசி) விண்ணப்பியுங்கள். காத்திருப்பில் பெரும்பகுதி தீவிலேயே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி இல்லை. எஃப்.டி பணத்தில் இப்போது நீங்கள் செலவழிக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்தப் பாலிசிக்கான 20,000-ஐ மட்டும்தான்.

இன்னொரு பணமும் உங்களுக்கு வர வேண்டியிருக்கலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதச் சம்பளம் 8.4 லட்சம். ஆனால் கம்பெனி வருடம் முழுக்க வேலை செய்வார் என்று எண்ணி மாதம் பத்தாயிரம் அளவுக்கு டி.டி.எஸ் (சம்பளத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்திருக்கும். கடைசி செட்டில்மெண்டில் அதைத் திருப்பித் தராமல் இருந்தால், அவருக்கு வேறு பெரிய வருமானம் இல்லாத பட்சத்தில் புதிய வரி முறையில் இந்த வருடம் வரியே வராது. பிடித்தது முழுவதும், சுமார் 60,000 ரூபாய், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஜூனுக்குப் பிறகுதான் வரும் என்பதால் அதை நம்பி இப்போது லிப்பேயில் செலவழிக்க வேண்டாம். பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்றான ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் வந்துவிட வேண்டும், பழைய ஆபீஸ் ஹெச்.ஆருக்கு இப்போதே உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வையுங்கள்.