பிர்கின் பையின் உண்மையான விலை: வாசகர் கேள்வி பதில்

பழைய ஆடம்பரப் பொருட்களை மதிப்பிட்டு வாங்கி விற்கும் சிங்கப்பூர்க் கடை ஒன்றில் வேலை செய்கிறேன் என்று இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து, வரும் கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான எர்மெஸின் பிர்கின் கைப்பை. அவற்றுக்கு இந்த இதழை ஒதுக்குகிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிர்கின் பை ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கூட வேலை செய்யும் தோழி ஒரு வழி சொல்கிறாள். முதலில் ஸ்கார்ஃப், செருப்பு, கம்பளி, தட்டு என்று வாங்கிக் கடையில் நம் கணக்கை ஏற்ற வேண்டுமாம். அவற்றைப் பிரிக்காமல் கேரசல் விற்பனைச் செயலியில் விற்றால் போட்ட பணம் வந்துவிடுமாம். பை கிடைத்ததும் இரண்டு மடங்குக்கு விற்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். கிரெடிட் கார்டில் தொடங்கலாமா? வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: தொடங்காதீர்கள், தங்கச்சி. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

தோழி சொன்னதில் பாதி உண்மை. எர்மெஸ் கடையில் பிர்கினும், அதன் இன்னொரு பையான கெல்லியும் அலமாரியில் அடுக்கி விற்கும் பைகள் அல்ல. பணத்தோடு போய் நின்றாலும் கிடைக்காது. எஸ்.ஏ. என்று நாம் சொல்லும் விற்பனையாளர் நம்மை அழைத்து, "ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டால்தான் உண்டு. யாரை அழைப்பது என்பது கடையின் முடிவு. கோட்டா பை என்று இவற்றுக்குப் பெயர். ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை என்பது பொதுவான நடைமுறை.

இவ்வளவு வாங்கினால் பை உறுதி என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்ற விற்பனைக்குத் தங்களிடம் தடை இருப்பதாகத்தான் நிறுவனமும் சொல்கிறது. ஆனாலும் வாங்குகிறவர்கள் தங்களுக்குள் ஒரு விகிதம் பேசிக்கொள்கிறார்கள். சீனாவில் இதைப் பெய்ஹுவோ என்பார்கள். பையின் விலைக்குச் சமமாக மற்ற பொருட்களை வாங்கினால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டு மடங்கு வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு. அப்படி வாங்கிய தட்டும் கம்பளியும் செருப்பும் அங்கே சியான்யூ செயலியில் கடை விலையைவிடக் குறைவாக விற்பனைக்கு வருகின்றன. பை பற்றி நினைக்காமல் அந்தப் பொருள் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல சந்தை. விற்கிறவருக்கு நட்டம்.

எங்கள் கவுண்டருக்கும் அவை வருகின்றன. ஆரஞ்சுப் பெட்டி, பழுப்பு ரிப்பன், உள்ளே மெல்லிய தாள்கூடக் கலைந்திருக்காது. கொண்டுவருகிறவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கும்: "தொடவே இல்லை, முழு விலை கிடைக்கும்தானே?" இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எச் எழுத்துப் போட்ட அவலான் கம்பளி சீக்கிரம் போகும். பை கைப்பிடியில் சுற்றும் ட்வில்லி, நல்ல வண்ணத்தில் இருந்தால் போகும். 90 செ.மீ. பட்டு ஸ்கார்ஃபில் எல்லாம் வடிவத்தைப் பொறுத்தது. ஓரான் செருப்பில் 37 கேட்டு வருகிறவர்கள் உண்டு, 40 மாதக்கணக்கில் கிடக்கும். பீங்கான் தட்டைத் தனித்தனியாகக் கேட்பவர்கள் குறைவு. உடைகள்தான் மிக மோசம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சட்டையில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினால் பெரிய விஷயம். நீங்கள் கட்டிய 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் போனது போனதுதான். இன்னொன்று, விற்க எளிதான சின்னப் பொருட்களை மட்டும் வாங்குகிறவரைவிட நகை, கைக்கடிகாரம், உடை, வீட்டுச் சாமான் என்று பரவலாக வாங்குகிறவரைத்தான் கடை மதிக்கும் என்பது வாங்குகிறவர்களின் அனுபவம். அதாவது, எதை விற்பது கடினமோ அதைத்தான் அதிகம் வாங்க வேண்டியிருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். பை 16,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று என்றால் மற்ற பொருட்களுக்கு இன்னொரு 16,000. அவற்றை விற்றுப் பாதி கையில் வந்தால் 8,000. ஆக, பை உங்களுக்கு 24,000 வெள்ளி. இப்போது பையைப் பழைய பொருள் கடையில் விற்பனைக்கு வைக்கிறீர்கள். 28,000-க்குப் போகிறது, அதில் 15 விழுக்காடு கமிஷன் 4,200. கையில் வருவது 23,800. மாதக்கணக்கில் அலைந்து, படம் எடுத்துப் போட்டு, பேரம் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி, எம்ஆர்டி நிலைய வாசலில் நின்று பொருளைக் கைமாற்றி, கடைசியில் 200 வெள்ளி குறைகிறது. விகிதம் ஒன்றுக்கு இரண்டு ஆகிவிட்டால் நட்டம் ஆயிரக்கணக்கில் போகும்.

இதில் கார்டு வட்டியைச் சேர்க்கவில்லை. இங்கே கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. 20,000 வெள்ளி பாக்கியை ஆறு மாதம் இழுத்தால் 2,500 போய்விடும். பை எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். வந்தாலும் நீங்கள் கேட்கும் 25 செ.மீ. கறுப்பு வராமல், 35 செ.மீ. பையாக, யாரும் தேடாத நிறத்தில் வரலாம். இரண்டு மடங்கு விலை என்பது சின்ன அளவுக்கும் சில நிறங்களுக்கும்தான். அதுவும் கொரோனா காலத்தை ஒட்டி ஏறிய உச்சத்திலிருந்து சந்தை இறங்கியிருக்கிறது.

உங்கள் தோழி யோசிக்காத இன்னொரு பக்கம் உண்டு. விற்பதற்காக வாங்குகிறவரைக் கடை விரும்பாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அழைப்பு வராது. நீங்களோ வாங்கியதை எல்லாம் கேரசலில் படம் போட்டு விற்கப்போகிறீர்கள். மூல ரசீது வேண்டும் என்று கேட்பார்கள், அதில் உங்கள் பெயர் இருக்கும். கொடுத்தால் ஒரு கவலை, கொடுக்காவிட்டால் விலை குறையும்.

இந்த ஏற்பாட்டில் நட்டப்படாதது நிறுவனம் மட்டுமே. 2024-ல் எர்மெஸ் விற்பனை 15.2 பில்லியன் யூரோ. அதில் தோல் பொருட்களும் குதிரைச் சேண வகைகளும் சேர்ந்து 43 விழுக்காடுதான். மற்றதெல்லாம் பட்டு, உடை, நகை, வாசனை, வீட்டுச் சாமான். அவற்றை விரும்பி வாங்குகிறவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் விரும்பாமல் வாங்கும் தட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஒரே கைவினைஞர் உட்கார்ந்து, இரண்டு ஊசி பிடித்து, மெழுகு நூலால் தைக்கும் பை அது. எத்தனையோ பிர்கினைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகும் தையலைத் தடவிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பிடித்திருந்தால் சேமியுங்கள். சேர்ந்ததும் நம்பகமான பழைய பொருள் கடையில் நேராகப் பையையே வாங்குங்கள். அந்த 24,000 வெள்ளிக்கு, சற்றுப் புழங்கிய பையை நிறமும் அளவும் பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் ஒரு தட்டும் மிஞ்சாது, கடனும் இருக்காது. இன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் ஐந்து இலக்கத்தில் கார்டில் தேய்ப்பது பையைவிடப் பெரிய விஷயம்.

கேள்வி: எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் உரக்கடையில் யூரியா கேட்டால், கூடவே வேண்டாத நுண்ணூட்டத்தையும் வாங்கச் சொல்வார்கள். அது தவறு என்று விவசாயிகள் அதிகாரியிடம் போய் நிற்கிறார்கள். இந்தப் பை விஷயமும் அதே கதைதானே? சட்டம் கேட்காதா?
— ஹாரோ, லண்டன்

பதில்: கேட்டுப் பார்த்தார்கள், அண்ணா. 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் எர்மெஸ் மீது வழக்குப் போட்டார்கள். பிர்கினைக் காட்டி மற்ற பொருட்களை வாங்க வைப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பது வாதம். விற்பனையாளர்களுக்கு மற்ற பொருட்களில் 3 விழுக்காடு, மற்றக் கைப்பைகளில் 1.5 விழுக்காடு கமிஷன், பிர்கினுக்கும் கெல்லிக்கும் ஒன்றும் இல்லை என்றும் மனுவில் சொன்னார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் நீதிபதி ஜேம்ஸ் டொனேட்டோ 2025 செப்டம்பரில் அதை முழுமையாகத் தள்ளுபடி செய்துவிட்டார்.

காரணம் எளிதாகச் சொல்வதென்றால் இதுதான். ஒரு கடை தன் அரிய சரக்கை அதிகம் வாங்குகிறவருக்கு ஒதுக்குவது மட்டும் அந்தச் சட்டப்படி குற்றமாகாது. அதனால் ஸ்கார்ஃப் சந்தையிலோ செருப்புச் சந்தையிலோ போட்டியே கெட்டுப்போகிறது என்று காட்ட வேண்டும். அதை அவர்களால் காட்ட முடியவில்லை. யூரியா நிலைமை வேறு. அது அத்தியாவசியப் பொருள், அரசு மானியத்தில் வருவது, பயிர் காத்திருக்காது. பை இல்லாவிட்டால் யாருக்கும் விளைச்சல் போகாது.

சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொருளின் விலை வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இங்கே பையின் விலைச்சீட்டு ஒன்று, உண்மையில் ஆகும் செலவு வேறொன்று. அந்த இரண்டாவது தொகையை யாரும் வாயால் சொல்வதில்லை. எங்கள் கவுண்டரில் நிற்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

கேள்வி: பிள்ளை, நாங்கள் பாரிஸில் இருபது வருசமாக இருக்கிறம். ஒரு வெளிநாட்டுக்காரர், எங்கட மகளின்ர பெயரில எர்மெஸ் கடைக்கு நேரம் எடுத்து, அவர் தரும் காசில பை வாங்கித் தந்தால் 500 யூரோ தாறன் எண்டு கேட்கிறார். போகலாமோ?
— லா கூர்நெவ், பிரான்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. பாரிஸில் தோல் பொருள் பார்க்க இணையத்தில் முன்பதிவு கேட்க வேண்டும், குலுக்கலில் விழுந்தால்தான் நேரம் கிடைக்கும். அது மகளின் பெயரிலும் அடையாள அட்டையிலும் பதிவாகும். பணம் எப்படி வரப்போகிறது என்று கேளுங்கள். பிரான்சில் வசிப்பவர் கடையில் ரொக்கமாக 1,000 யூரோவுக்கு மேல் கட்டச் சட்டம் விடாது. ஆக, அந்த ஆளின் பணம் மகளின் வங்கிக் கணக்குக்குள் வந்து அவளுடைய கார்டு வழியாகப் போகும். எங்கிருந்து வந்தது என்று நாளை வங்கியோ வரி அலுவலகமோ கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள். பணம் யாருடையது என்றே தெரியாத விவகாரத்தில் ஒரு இளம்பிள்ளையின் பெயரைக் கொடுக்க 500 யூரோ போதாது, 5,000 என்றாலும் போதாது. கேட்டவர் சொந்தக்காரர் வழியாக வந்தவராக இருந்தாலும் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள்.

கேள்வி: மேடம், சென்னையில் எர்மெஸ் கடை இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர் மூலம் பழைய பிர்கின் ஒன்றை வரவழைத்தால் வரி உண்டா?
— அண்ணா நகர், சென்னை

பதில்: உண்டு. உங்களுக்காகக் கொண்டுவரும் பை அவருடைய சொந்த உபயோகப் பொருள் ஆகாது. வரியில்லாமல் விடும் வரம்பு இந்தப் பையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய் அறிவித்துத் தீர்வை கட்டச் சொல்லுங்கள், வாங்கிய ரசீதையும் கையில் வைத்திருக்கட்டும். தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொள்வது உறவினர்தான். மும்பையிலோ டெல்லியிலோ கடையில் வாங்கினால், 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைப்பைக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய பை வாங்கச் சொல்கிறீர்கள். போலி என்றால்?
— கிள்ளான், மலேசியா

பதில்: நியாயமான பயம். ரசீதை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள். தையல் லேசாகச் சாய்ந்து, கையால் போட்டதற்கான சின்ன வித்தியாசங்களோடு இருக்க வேண்டும். பையில் தயாரித்த ஆண்டையும் கைவினைஞரையும் குறிக்கும் முத்திரை எங்கே இருக்கிறது என்று விற்கிறவரையே காட்டச் சொல்லுங்கள். பூட்டில் இருக்கும் எண் சாவியோடுதான் பொருந்தும். அது பையின் அடையாள எண் என்று யாராவது விளக்கினால் அவருக்கு விஷயம் தெரியவில்லை. அப்புறம், வேறொரு இடத்தில் சோதித்துப் போலி என்று வந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். எழுதித் தர யோசித்தால், முன்பணம் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.