குறைகள் தெரிந்த பிறகும் ஒரு படத்தையோ நாவலையோ ரசிப்பது ரசனைக் குறைவா?

"இதையெல்லாமா ரசிக்கிறாய்?" என்று யாரோ உங்களை மட்டம் தட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். ரசனைக் குறைவு இல்லவே இல்லை.

'பொஹீமியன் ராப்சொடி' (2018) படத்தை அக்காவுடன் பார்த்தேன். குயீன் இசைக்குழுவையும் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியையும் பற்றிய படம். அக்கா அந்தப் பாடல்களோடு வளர்ந்தவள். எந்த ஆல்பம் எந்த ஆண்டு வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளால் பொறுக்க முடியவில்லை. 'வீ வில் ராக் யூ' 1977இல் வெளிவந்த பாட்டு. படத்திலோ 1980இல்தான் பிறக்கிறது. மெர்குரி தனி ஆல்பம் போடப்போகிறார் என்றதும் மற்றவர்கள் துரோகத்தைக் கண்டதுபோல் இடிந்துபோகிறார்கள். ஆனால் டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981இலேயே தனி ஆல்பம் வெளியிட்டுவிட்டார். பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்ட 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்பு குழு பிரிந்து கிடந்ததாகக் காட்டுகிறார்கள். அந்த ஆண்டு மே மாதம் அவர்கள் ஜப்பானில் மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, தனக்கு எய்ட்ஸ் என்று மெர்குரி குழுவினரிடம் சொல்லும் காட்சி. அதை அந்தக் கச்சேரிக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். நோய் உறுதியானது 1987இல் என்பது அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன் சொன்னது. அந்த இடத்தில் அக்கா படத்தை நிறுத்திவிட்டாள். "இறந்துபோன மனிதனின் நோயைத் தங்கள் வசதிக்கு இடம் மாற்றி வைக்கலாமா?" என்று கேட்டாள். நியாயமான கோபம். எனக்கும் அந்தக் காட்சி இன்றுவரை உறுத்துகிறது.

பிறகு மறுபடி ஓடவிட்டாள். லைவ் எய்ட் நடந்த லண்டன் வெம்ப்ளி மேடை வந்தது. பியானோவின் மேல் இருந்த பெப்சி கோப்பைகளைக் கூட அன்று இருந்தபடியே அடுக்கியிருந்தார்கள். 'ரேடியோ காகா' பாட்டுக்குக் கூட்டம் தலைக்கு மேல் கைகளை உயர்த்தித் தட்டத் தொடங்கியபோது அக்கா ரிமோட்டை எடுத்தாள். மீண்டும் நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். ஒலியைக் கூட்டினாள். கச்சேரி முடியும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கண்ணீருக்காக அவள் முன்பு சொன்ன ஒரு பிழையையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

உடனே ஒருவர் வருவார்: "விவரம் தெரியாதவர்கள் அதையே வரலாறு என்று நம்பிவிடுவார்களே?" நம்பச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. அசல் கச்சேரியின் பதிவையும் தேடிப் பாருங்கள், சுமார் 21 நிமிடம்தான். இந்தப் படத்துக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கொடுத்ததையும் நான் ஆதரிக்கவில்லை. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சாதாரணக் காட்சியில் எதற்கு அத்தனை வெட்டு?

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது உண்மையான மெர்குரி பாடுகிறார். நாங்கள் பார்த்த செயலி சரியாக அந்த நேரத்தில் திரையை ஒரு மூலைக்குச் சுருக்கி, அடுத்த படத்துக்கான விளம்பரத்தை விரித்தது. படம் என்றால் கடைசிப் பெயர்வரை படம்தான். உழைத்தவர்களின் பெயரை ஓடவிடக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் எதற்குப் படம் காட்ட வேண்டும்?

நாவலுக்கு வருகிறேன். 'ஹங்கர் கேம்ஸ்' நாவல்களுக்கு முன்கதையாக சுசேன் காலின்ஸ் 2020இல் வெளியிட்ட 'த பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' பற்றியும் இதே வசை கேட்டிருக்கிறேன்: "கொடுங்கோலனுக்கு அனுதாபம் தேடுகிறாயா?" பிற்காலத்தில் சர்வாதிகாரியாகப்போகும் ஸ்னோவின் 18 வயதுக் கதை அது. நொடித்துப்போன பெரிய குடும்பம். விழாவுக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லை. அப்பாவின் பழைய சட்டையை அவனுடைய உறவுக்கார அக்கா டைக்ரிஸ் அவனுக்காகச் சீர் செய்கிறாள். பொத்தான்களுக்கு வேலைக்காரியின் குளியலறைச் சுவரில் பதித்திருந்த சின்னச் சின்னக் கற்கள். அந்த இடத்தில் அவன்மேல் இரக்கம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அதே பையன் தன்னை நம்பிய நண்பனைக் காட்டிக்கொடுக்கும்போது, அவன் மனத்துக்குள் ஓடும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறோம். ஒவ்வொன்றும் நியாயம் மாதிரியே ஒலிக்கிறது. எனக்கு உடம்பு கூசியது. அதை அனுதாபம் என்று சொல்கிறவர்கள் கடைசிவரை படித்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. பாட்டுகள் அதிகம். மூன்றாம் பகுதி, அதுவரை வந்த நிதானத்தை விட்டுவிட்டு, முடிவை நோக்கி ஓடுகிறது. இதை நண்பர்களிடம் நானே சொல்லிக்கொண்டுதான் மறுபடியும் படித்தேன்.

உங்களைப் பேச்சு கேட்க வைத்தது எந்தப் படம், எந்தப் புத்தகம் என்று நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் பார்க்காததாக இருந்தால் பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.