கழுத்தை விடுங்க, சிறகு நுனியைப் பாருங்க

கேள்வி: டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கம் இருக்கோம் சார். தோட்டத்துல ஹம்மிங்பேர்ட் குடிக்க சர்க்கரைத் தண்ணி வைக்கிற ஃபீடர் மாட்டியிருக்கோம். ஆண் வந்தா சிவப்புக் கழுத்து ரூபி த்ரோட்டட் வகையா, கறுப்புக் கழுத்து பிளாக் சின்ட் வகையான்னு கழுத்தைப் பார்த்தே சொல்லிடுறோம், பெண் பறவை வந்தா ஒண்ணுமே புரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஆணையே கழுத்தை வெச்சு அவ்வளவு தைரியமா சொல்லிடாதீங்க. ரூபி த்ரோட்டட் கழுத்துல இருக்கிற சிவப்பு சாயம் கிடையாது, இறகோட நுண்ணமைப்புல வெளிச்சம் பட்டுத் தெரியுற நிறம், அதனால நிழல்ல உக்காந்திருந்தா ரூபி த்ரோட்டடும் கன்னங்கரேல்னுதான் தெரியும், உடனே நாம பிளாக் சின்டுன்னு எழுதிடுவோம். கொஞ்சம் பொறுத்து, தலையைத் திருப்பட்டும். பிளாக் சின்டா இருந்தா கறுப்புக்குக் கீழ ஒரு மெல்லிசான ஊதாப் பட்டை சட்டுனு மின்னிட்டு மறையும்.

பெண் பறவைதான் நிஜத் தலைவலி. ரெண்டும் ஆர்க்கிலோக்கஸ்ங்கிற ஒரே பேரினம், ரெண்டும் கலந்து குஞ்சு பொரிச்ச கதையும் உண்டு, அப்புறம் எப்படி சுலபமா இருக்கும்? முதல்ல வாலைப் பாருங்க. அந்தரத்துல நின்னு தேன் குடிக்கிறப்ப பிளாக் சின்ட் வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கும், ரூபி பெரும்பாலும் ஆட்டாம வெச்சிருக்கும், ஆனா காத்தடிச்சா அதுவும் ஆட்டும், அதனால இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க. முதுகும் உச்சந்தலையும் ரூபிக்கு நல்ல பச்சை, பிளாக் சின்டுக்கு சாம்பல் ஓடின மங்கலான பச்சை. அலகு பிளாக் சின்டுக்குக் கொஞ்சம் நீளம், லேசா கீழ வளைஞ்சிருக்கும். இளம் பறவைக்கு அலகு முழுசா வளர்ந்திருக்காதுங்கிறதால அங்கயும் ஏமாறலாம்.

என்னைக் கேட்டா நம்பக்கூடியது சிறகு நுனிதான். பறக்கும்போது பார்க்கவே முடியாது, கிளையில உக்காந்து சிறகை மடிச்சு வெச்சிருக்கும்போது பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துப் பெருசாக்குங்க. கடைசி இறகு, அதாவது மடிச்ச சிறகுல வெளிப்பக்கம் இருக்கிறது, பிளாக் சின்டுக்கு நுனி வரைக்கும் அகலமா வந்து வெண்ணெய்க் கத்தி மாதிரி மழுங்கலா முடியும். ரூபிக்கு அதே இறகு ஒடுங்கி ஒடுங்கிப் போய் கூரா முடியும். இதைப் பார்த்துப் பழகிட்டா மத்ததெல்லாம் துணைச் சாட்சிதான்.

நீங்க இருக்கிற இடமும் வில்லங்கமான இடம். அங்கயும் அங்கிருந்து மேற்கயும் கோடையில கூடு கட்டுறது பிளாக் சின்ட், கிழக்கு டெக்சாஸ் போனா ரூபி. ஆனா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல ரூபி நிறைய தெற்கே மத்திய அமெரிக்கா பக்கம் கிளம்பும், அப்ப உங்க ஃபீடர்ல ரெண்டும் முட்டிக்கும். போதாக்குறைக்கு இந்த வருஷம் பொரிச்ச ஆண் குஞ்சுங்களும் பெண் மாதிரியே இருக்கும், தொண்டையில ஒண்ணு ரெண்டு இறகு மட்டும் மினுங்கினா அதிர்ஷ்டம்.

எல்லாம் பார்த்தும் தெரியலேன்னா வம்படியா ஒரு பேரை எழுதாதீங்க. பார்த்த பறவையைப் பதியுற ஈபேர்ட் தளத்துலயே 'ரெண்டுல ஏதோ ஒண்ணு'ன்னு பதியுறதுக்கு வழி இருக்கு, அனுபவசாலிங்களே அதைத்தான் போடுறாங்க.

கேள்வி: செப்டம்பர்ல ஃபீடரை எடுக்கலேன்னா பறவை வலசை போகாம அங்கயே தங்கிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நிஜமா?

பதில்: இல்லவே இல்ல. கிளம்பச் சொல்றது பகல் நேரம் குறையுறதும் அதோட உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமும்தான், உங்க சர்க்கரைத் தண்ணி இல்ல. சுமார் 3 கிராம் எடை இருக்கிற ரூபி, பல சமயம் மெக்சிகோ வளைகுடாவையே நிக்காம கடக்குது, அதுக்குக் கொழுப்பு சேர்க்க வேணாமா? தாராளமா மாட்டி வைங்க. 1 பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணி, சிவப்புக் கலர் வேணாம், தேனும் வேணாம், வெயில் காலத்துல சீக்கிரம் கெட்டுப்போயிடும்கிறதால ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவி மாத்துங்க. குளிர் காலத்துல மேற்கு மாநிலங்கள்லேர்ந்து செம்பழுப்பு நிற ரூஃபஸ் ஹம்மிங்பேர்ட் ஒண்ணு வந்தாலும் வரும், அப்ப எனக்கு எழுதுங்க.