ஆழ்கடல் எரிவாயு வேலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

கேள்வி: தூத்தூர் பகுதியிலிருந்து விசைப்படகில் தங்குகடல் தொழிலுக்குச் செல்பவன் நான். குமரிக் கடலில் எரிவாயுக் கிணறு தோண்டப்போகிறார்கள், கடற்கரைக் குடும்பங்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு என்று சொல்லி, என் மகனுக்கு வேலை வாங்கித்தர ஓர் ஏஜெண்ட் 2 லட்சம் ரூபாய் கேட்டார். 75,000 ரூபாய் கொடுத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியுள்ளேன். அந்த முன்னுரிமை உண்மையா? பணம் திரும்பக் கிடைக்குமா? கிணற்றால் எங்கள் தொழில் கெட்டால் இழப்பீடு உண்டா?

பதில்: குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்கான பகுதிகளை ஒன்றிய அரசு ஏலத்தின் மூலம் ஒதுக்கியிருப்பது உண்மை. ஆனால், கடற்கரையில் பிறந்தவர் என்பதற்காக அங்கே வேலை கேட்கும் உரிமையை எந்தச் சட்டமும் தரவில்லை. அரசுப் பணியில் வசிப்பிடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 16(2) பிரிவு தடுக்கிறது; தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை மாநிலத்தவருக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தையும் 2023-இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தேடுதல் கட்டத்தில் வேலை குறைவு என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். துளையிடும் கப்பல் தன் ஆட்களோடுதான் வரும்; உதவியாளர், வெல்டர், சமையலர் போன்ற இடங்களைக் கான்ட்ராக்டர்கள் நிரப்புவார்கள்; அவற்றுக்கும் கடல் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றும் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய முத்திரைத்தாளின் நகலைப் படித்தேன். "வேலை விஷயமாகப் பெற்றுக்கொண்டது" என்பதற்கு மேல் அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை, பதவி இல்லை, திருப்பித் தரும் தேதியும் இல்லை. ஆயினும் தொகையும் கையொப்பமும் இருப்பதால் அது பயனுள்ள சான்று. அசலை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தன்னால் தர முடியாத வேலையைத் தருவதாகத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன் பணம் வாங்கியிருந்தால், அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின்படி மோசடிக் குற்றம். முதலில் பதிவுத் தபாலில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, பணம் வராவிட்டால் காவல் துறையில் புகார் கொடுக்கலாம். உரிமையியல் வழக்கு என்றால் மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். "அதிகாரிகளுக்குக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி அவர் பணம் வாங்கியிருந்தால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கொடுத்தவரையும் தொடும். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே அந்தப் பிரிவு அவருக்கு விலக்கு அளிக்கிறது. எனவே புகார் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். மீதிப் பணத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

இங்கே இல்லையென்றால் வளைகுடாவில் ரிக் (எண்ணெய் துளையிடும் மேடை) வேலை தருகிறேன் என்று அவர் பேச்சை மாற்றக்கூடும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப ஒன்றிய அரசின் பதிவு கட்டாயம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம்.

பின்னாளில் முறையான அறிவிப்பின் வழியே மகன் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தால், நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அவரை அமர்த்திய முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

இனி தொழில் பாதிப்பு. என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். கடலடி வளம் அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவின்படி ஒன்றியத்துக்கு உரியது. சுரங்கப் பகுதி மக்களுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி பெட்ரோலியத்துக்குப் பொருந்தாது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் குமரி மாவட்டம் இல்லை. கடலில் அமையும் மேடையைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வகுக்கப் பன்னாட்டுக் கடல் சட்டம் அனுமதிக்கிறது. அதற்குள் வலையோ தூண்டிலோ போட முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் செய்த 2020 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு தேடுதல் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. உற்பத்திக் கட்டத்தில் அது நடத்தப்படுமா என்று கவனித்திருங்கள். நடத்தப்பட்டால், உங்கள் ஊரார் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்கும் இடம் அந்தக் கருத்துக்கேட்புதான்.

மாசு ஏற்பட்டுத் தொழில் கெட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, பாதிப்பு தொடங்கிய ஐந்தாண்டுகளுக்குள் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வில் இழப்பீடு கோரலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, முன்பு எவ்வளவு பிடித்தீர்கள், இப்போது எவ்வளவு என்பதுதான். குமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க கடற்பரப்பான வெட்ஜ் பேங்க் பகுதியில் உங்கள் படகு எத்தனை தலைமுறையாகத் தொழில் செய்தது என்பதை வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. ஆகவே படகின் பதிவுச் சான்று, டீசல் பில், ஏலக்கூடத்தில் தரும் விற்பனைச் சீட்டு, ஜிபிஎஸ் கருவியில் பதிந்த மீன்பிடி இடங்கள் ஆகியவற்றை இந்தப் பருவத்திலிருந்தே தேதிவாரியாகச் சேர்த்து, ஒரு பிரதியைக் கரையில் உள்ள உங்கள் சங்கத்திலும் வைத்துவிடுங்கள்.