தடைப் பட்டியலில் எதைத் திருத்தச் சொல்வது?

கேள்வி: போர் நடக்கும் பகுதிகளில் நிவாரணப் பணி செய்யும் அமைப்பில் இருக்கிறேன். பயங்கரவாத அமைப்புகளைத் தடைசெய்யும் சட்டத்தைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு எங்கள் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. எதை வலியுறுத்தலாம்?

பதில்: பயங்கரவாதத்தின் வரையறையில் இறங்க வேண்டாம், ஐ.நா.விலேயே அந்த விவாதம் பல பத்தாண்டுகளாக முடியவில்லை. முதலில் மறுஆய்வைப் பற்றி எழுதுங்கள். ஓர் அமைப்பைப் பட்டியலில் சேர்க்கும்போது அதிகாரிகள் ஆதாரம் திரட்டுகிறார்கள். தொடர்ந்து வைத்திருக்கும்போது பெரும்பாலும் பழைய கோப்பையே புரட்டுகிறார்கள்.

இதற்கு நம் வாசகர்கள் நன்கறிந்த சான்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் விடுதலைப் புலிகளை வைத்திருப்பது தொடர்பாக அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஜூலையில் அளித்த தீர்ப்பு. 2009 மே மாத இராணுவத் தோல்விக்குப் பின் நிலைமை மாறியிருக்கக்கூடும் என்பதால், ஆபத்து தொடர்கிறது என்பதற்குப் தனித்தனி நாடுகள் முன்பு பிறப்பித்த தடை ஆணைகள் மட்டும் போதாது, அண்மைக்காலத் தகவல்களைக் காட்ட வேண்டும் என்று அது கூறியது. தொடர்ந்து பட்டியலில் வைக்க ஊடகச் செய்திகள் போன்ற பிற தகவல்களையும் பயன்படுத்தலாம் என்று அதே நாளில் ஹமாஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டதால், அரசுகளின் கை கட்டப்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதுப்பிக்காவிட்டால் தடை இரண்டு ஆண்டுகளில் தானாகவே காலாவதியானது. 2004இல் அதை மாற்றி, நீக்கக் கோரும் மனு வராத நிலையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு போதும் என்றாக்கினார்கள். என் பார்வையில் இது பின்னடைவு. ஈரானிய எதிர்ப்பு அமைப்பான முஜாஹிதீன்-இ-கல்க்கின் மனு தேங்கிக் கிடந்தபோது, நான்கு மாதங்களுக்குள் முடிவெடுக்க நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2012 செப்டம்பரில் அதன் பெயர் நீங்கியது. எனவே, குறிப்பிட்ட காலத்தில் புதிய ஆணை பிறப்பிக்காவிட்டால் தடை காலாவதியாக வேண்டும் எனக் கேளுங்கள். தடைக்கான ஒவ்வோர் அளவுகோலுக்கும் எந்த ஆதாரம், எந்தத் தேதியிட்டது என்ற குறிப்பையும், இரகசியப் பகுதியை மட்டும் மறைத்து, வெளியிடச் சொல்லுங்கள். மதிப்பீட்டை எழுதும் அதிகாரியும் தடையை முடிவுசெய்யும் அமைச்சரும் வேறுவேறாக இருப்பது நல்லது; வெளியுறவுப் பேரங்கள் மதிப்பீட்டுக்குள் நுழைய அப்போது இடம் குறையும்.

மனிதாபிமான விலக்கை, அதாவது நிவாரணப் பணியைத் தடையின் பிடியிலிருந்து விலக்குவதைத்தான், நீங்கள் விரிவாக எழுத வேண்டும். 2021 ஜனவரியில் அமெரிக்கா ஏமனின் ஹூதி கிளர்ச்சி அமைப்பைப் பட்டியலிட்டு, உணவு இறக்குமதி பாதிக்கப்படும் என்ற எச்சரிக்கைகளால் அடுத்த மாதமே நீக்கியது. (பின்னர் மீண்டும் சேர்த்துவிட்டது.) ஐ.நா. பாதுகாப்புச் சபை 2022 டிசம்பரில் தன் 2664ஆம் தீர்மானத்தின் மூலம் சொத்து முடக்கத்திலிருந்து நிவாரணப் பணிக்கு விலக்களித்தாலும், ஒரு நாட்டின் குற்றவியல் சட்டத்தில் ‘உதவி செய்தல்’ என்ற குற்றம் விரிவாக எழுதப்பட்டிருந்தால் ஊழியருக்கு அந்தத் தீர்மானம் மட்டும் காப்பாகாது. விலக்கு அந்தக் குற்றப் பிரிவுக்குள்ளேயே இடம்பெற வேண்டும். வங்கிகள் உங்கள் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவைத்த கடிதங்கள் இருந்தால், பயனாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு மனுவுடன் இணையுங்கள். குழு உறுப்பினர்கள் சட்ட வாதங்களுக்கு முன் அவற்றைத்தான் படிப்பார்கள்.